ரங்கூன் எழுந்த நாட்களில் டெல்லி

சென்னை கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜார் பக்கம் மாலை ஐந்து மணிக்கு மேல் போனால் அத்தோ கடைகளில் கூட்டம் நிற்கும். மஞ்சள் நிற நூடுல்ஸை ஒரு கை அள்ளிப் போட்டு, மெலிதாகச் சீவிய கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பொரித்த பேஜோ எல்லாவற்றையும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். சாப்பிடுகிற இளைஞர்களில் பலருக்கு இது எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று தெரியாது. 1962 மார்ச் 2 அன்று ரங்கூனில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வங்கிகளும் ஆலைகளும் அரசுடைமை ஆயின. மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் கையில் எதுவும் இல்லாமல் கப்பலேறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்கள் கொண்டுவந்தது இந்தச் சமையலைத்தான்.

அவர்களில் சிலருக்கு இந்த மண் ஒட்டவில்லை. தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று வடகிழக்கே புறப்பட்டார்கள். எல்லையில் பர்மியப் படையினர் மறித்துத் திருப்பினார்கள். முன்னேயும் போக முடியாமல், பின்னேயும் வர மனமில்லாமல் நின்ற இடத்திலேயே தங்கிவிட்டார்கள். அந்த ஊர்தான் மணிப்பூரின் மோரே. அங்கே தமிழ்ச் சங்கம் உண்டு, அங்காள பரமேஸ்வரி கோயில் உண்டு. நடந்தே போகும் தூரத்தில் பர்மாவின் தமு நகரம்.

பக்கத்து நாட்டில் மக்கள் தெருவுக்கு வரும்போது நம் அரசு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி சில ஆண்டுகளாக ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. 2022இல் கொழும்பு, 2024இல் டாக்கா, 2025இல் காத்மாண்டு. பெரும்பாலும் டெல்லி ஏதோ புதிதாக நேர்ந்துவிட்டதுபோலத் தடுமாறுகிறது. உண்மையில் இந்தப் பாடம் பழையது. பர்மாவில் நாம் இரண்டு வழிகளையும் முயன்று பார்த்துவிட்டோம். ஒருமுறை மக்கள் பக்கம் நின்றோம். பிறகு ராணுவத்தின் பக்கம் நகர்ந்தோம். இரண்டிலும் என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்று கணக்குப் பார்க்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவகாசமும் கிடைத்திருக்கிறது.

1987 செப்டம்பரில் நே வின் அரசு 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. மாற்றிக்கொள்ள அவகாசம் இல்லை, ஈடும் இல்லை. புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் காகிதமாயிற்று. வங்கியை நம்பாமல் வீட்டில் பணத்தைச் சேர்த்து வைத்திருந்த குடும்பங்கள், கல்லூரிக் கட்டணம் கட்ட நோட்டை எண்ணி வைத்திருந்த மாணவர்கள், எல்லாரும் ஒரே அடியில் ஏழைகள் ஆனார்கள். பதிலுக்கு வந்த நோட்டுகள் 45ம் 90ம். ஒன்பதால் வகுபடும் எண்கள். ஒன்பது நே வின்னுக்கு ராசியான எண். ஒரு மனிதரின் ஜோசிய நம்பிக்கைக்காக ஒரு நாடே தன் சேமிப்பை இழந்தது.

ஆறு மாதம் கழித்து, 1988 மார்ச் 12 அன்று, ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அருகே ஒரு டீக்கடையில் எந்தப் பாட்டைப் போடுவது என்று தகராறு. ஒரு மாணவருக்கு அடி விழுந்தது. அடித்தவர் ஆளுங்கட்சிக்காரர் மகன் என்பதால் விட்டுவிட்டார்கள். மறுநாள் நியாயம் கேட்டுத் திரண்ட மாணவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. போன் மோ என்ற மாணவர் இறந்தார். அந்தத் தீ ஆகஸ்ட் 8ஆம் தேதி நாடு முழுவதும் பரவியது. 8-8-88 என்ற நான்கு எட்டுகளைச் சொன்னால் இன்றும் எந்தப் பர்மியருக்கும் விளக்கம் தேவையில்லை. துறைமுகத் தொழிலாளிகள், புத்த பிக்குகள், செவிலியர்கள், அரசு ஊழியர்கள் எல்லாரும் தெருவில் நின்றார்கள். செப்டம்பர் 18 அன்று ராணுவம் மறுபடியும் ஆட்சியை எடுத்துக்கொண்டது. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில் என்பதே பரவலான மதிப்பீடு.

அப்போது டெல்லியில் ராஜீவ் காந்தி பிரதமர். எட்டு மாதம் முன்புதான், 1987 டிசம்பரில், ரங்கூன் போய் நே வின் அரசோடு கைகுலுக்கிவிட்டு வந்திருந்தார். ஆனாலும் அந்தக் கோடையில் இந்தியா வெளிப்படையாக மக்கள் பக்கம் பேசியது. மணிப்பூரின் லெய்குன்னிலும் மிசோரமின் சம்பாயிலும் தப்பி வந்த மாணவர்களுக்கு முகாம் திறந்தது. அகில இந்திய வானொலியின் பர்மிய மொழிச் சேவை ரகசியமாகக் கேட்கப்படும் நிலையமாயிற்று. நே வின் கவிழ்த்த பிரதமர் ஊ நூவின் மகளே அந்தச் சேவையில் வேலை பார்த்தார். ஜெனரல்களுக்கு அது முள்ளாகத் தைத்தது. மற்ற அண்டை நாடுகள் இப்படி நிற்கவில்லை. தாய்லாந்தின் ராணுவத் தளபதி 1988 டிசம்பரில் ரங்கூன் போய்வந்தார். பின்னாலேயே தாய் நிறுவனங்களுக்குத் தேக்கு வெட்டவும் மீன் பிடிக்கவும் உரிமம் கிடைத்தது.

இதை எழுதும்போது தமிழ் வாசகர் மனத்தில் எழக்கூடிய கேள்வி எனக்கும் தெரியும். அதே 1988இல் அதே அரசின் படைதான் யாழ்ப்பாணத்தில் இருந்தது. ரங்கூன் மாணவர்களுக்காக இரங்கிய டெல்லி, யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள் என்ன செய்தது என்பதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. பர்மா விஷயத்தில் ராஜீவ் அரசு உத்தமமாக நடந்தது என்பதற்காக அது உத்தம அரசு ஆகிவிடாது. ஆனால் ஒரு அரசு ஒரு இடத்தில் சரியாக நடந்ததையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முகாமைத் திறந்ததும் வானொலியில் உண்மையைச் சொன்னதும் சரி. அதற்குமேல் படை அனுப்ப டெல்லி அங்கே முயலவில்லை. அதுவும் சரி.

1990 மே மாதத் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி 392 இடங்களை வென்றது. சூச்சி வீட்டுக்காவலில் இருந்தார். ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை. இங்கே டெல்லியில் கணக்கு மாறத் தொடங்கியது. நரசிம்ம ராவ் காலம். கஜானா காலி, கிழக்கு நோக்கி வணிகம் தேட வேண்டிய கட்டாயம். வடகிழக்கின் ஆயுதக் குழுக்கள் பர்மியக் காடுகளில் முகாம் போட்டிருந்தன. சீனா ரங்கூனுக்குள் ஆயுதமும் சாலையுமாக நுழைந்துகொண்டிருந்தது. 1993 மார்ச்சில் வெளியுறவுச் செயலர் ஜே.என். தீட்சித் ரங்கூன் போனார். 1994 ஜனவரியில் எல்லை வணிக ஒப்பந்தம். 1995 ஏப்ரலில் மோரே வாசல் வணிகத்துக்குத் திறந்தது.

இந்தக் காரணங்களை ஏளனம் செய்ய மாட்டேன். இம்பாலிலும் கோஹிமாவிலும் குண்டு வெடித்துச் செத்தவர்களும் நம் மக்கள்தான். அவர்களைக் காக்க ஒரு அரசு பக்கத்து ராணுவத்தோடு பேசத்தான் வேண்டும். பேசுவது வேறு, பேசுவதற்காக மற்றவர்களோடு இருந்த உறவையெல்லாம் அறுத்துக்கொள்வது வேறு. நாம் இரண்டாவதைச் செய்தோம். வானொலியின் குரல் அடங்கியது. முகாம் மாணவர்கள் மெல்லமெல்ல யாருக்கும் வேண்டாதவர்கள் ஆனார்கள்.

அந்த மாற்றமும் ஒரே நேர்க்கோட்டில் நடக்கவில்லை. 1995 கோடையில் மிசோரம் எல்லையில் இரு நாட்டுப் படைகளும் சேர்ந்து ஒரு பெரிய ஆயுதக் குழுவை வளைத்துக்கொண்டிருந்தன. அதே நாட்களில் டெல்லி சூச்சிக்கு நேரு விருதை அறிவித்தது. பர்மியப் படை பாதியிலேயே விலகிக்கொண்டது. சிக்கியிருந்தவர்களில் பலர் தப்பினார்கள். பிறகு வாஜ்பாய் அரசில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் பாதுகாப்பு அமைச்சர். அவருடைய கிருஷ்ண மேனன் மார்க் அரசு பங்களாவில் பர்மிய மாணவ அகதிகள் தங்கி அலுவலகம் நடத்தினார்கள். அவருடைய அமைச்சகமோ ரங்கூன் ஜெனரல்களோடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மனிதரின் மனசாட்சி வீட்டு வாசலைத் திறந்து வைத்திருந்தது, அவ்வளவுதான். அரசுக் கொள்கையை அதனால் அசைக்க முடியவில்லை.

2007 செப்டம்பர். எரிபொருள் விலை ஏறியதைக் கண்டித்து, பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி காவியுடைப் பிக்குகள் ரங்கூன் தெருக்களில் நடந்தார்கள். ராணுவக் குடும்பங்களிடம் பிச்சை ஏற்க மாட்டோம் என்பது அதன் பொருள். புத்த நாட்டில் அதைவிடக் கடுமையான சாபம் இல்லை. அதே வாரத்தில் நம் பெட்ரோலிய அமைச்சர் முரளி தேவ்ரா பர்மாவின் புதிய தலைநகர் நேபிடோவில் இருந்தார், கடலடி எரிவாயு வயல்களில் துரப்பணம் செய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்காக. எரிவாயுவாவது கிடைத்ததா? ராக்கைன் கடலில் நம் அரசு நிறுவனங்கள் பங்கு வைத்திருந்த வயலின் எரிவாயுவில் பெரும்பகுதியை ஜெனரல்கள் சீனாவுக்கு விற்றார்கள். 2013இல் குழாய் குன்மிங் நோக்கி ஓடத் தொடங்கியது. பிக்குகளின் பக்கம் ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் நமக்குக் கிடைக்காமல் போயிருக்கக்கூடியது அந்த எரிவாயு. பேசாமல் இருந்தும் கிடைக்கவில்லை.

முழுக்க நஷ்டம் என்றும் சொல்ல முடியாது. 2019இல் பர்மியப் படை தன் நாட்டுக்குள் தாகாவில் இருந்த வடகிழக்குக் குழுக்களின் முகாம்களைத் தாக்கியது. 2020 மே மாதம் 22 ஆயுததாரிகளைப் பிடித்து நம்மிடம் ஒப்படைத்தது. இருபத்தேழு ஆண்டு நட்பின் பெரிய பலன் இது. அதே ஆண்டு அக்டோபரில் நாம் ஒரு நீர்மூழ்கிக் கப்பலைக் கொடுத்தோம். நான்கு மாதத்தில், 2021 பிப்ரவரி 1 அன்று, இடையில் ஆட்சிக்கு வந்திருந்த சூச்சியின் அரசைக் கவிழ்த்து, அந்த ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தது. அதன்பின் நடந்தது இன்னும் வேதனை. எந்தக் குழுக்களை ஒடுக்குவதற்காக ஜெனரல்களோடு உறவு வைத்தோமோ, அதே மணிப்பூர்க் குழுக்கள் சில, ராணுவ ஆட்சியை எதிர்த்து எழுந்த மக்கள் பாதுகாப்புப் படையினருக்கு எதிராக அந்த ராணுவத்தோடே சேர்ந்து சண்டையிட்டதாக எல்லையிலிருந்து செய்திகள் தொடர்ந்து வந்தன.

அடக்குமுறையைக் கண்டும் வாய் மூடி நிற்கும் பழக்கம் நமக்குப் பர்மாவில் தொடங்கியதல்ல. 1956 நவம்பர் 4 அன்று ஹங்கேரி மக்களின் புரட்சியை நசுக்க சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்தன. சூயஸ் கால்வாய்த் தாக்குதலை உடனே உரக்கக் கண்டித்த நேரு, ஹங்கேரி விஷயத்தில் தயங்கினார். ஐ.நா.வில் இந்தியா முதலில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஐந்து நாள் கழித்து ஒரு தீர்மானத்தை எதிர்த்தே வாக்களித்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் உட்படப் பலர் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். ஆனால் அந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. மாஸ்கோவில் நம் தூதராக இருந்த கே.பி.எஸ். மேனனும் புடாபெஸ்ட் தூதரகமும் அமைதியாக வேலை செய்தார்கள். புரட்சியில் பங்கெடுத்த எழுத்தாளர் ஆர்பாட் கோன்ஸ் தூக்குக்குப் போகாமல் ஆயுள் தண்டனையோடு தப்பியதில் அந்தத் தலையீட்டுக்குப் பங்கு உண்டு. 1990இல் அதே கோன்ஸ் ஹங்கேரியின் குடியரசுத் தலைவர் ஆனார். ஐ.நா. வாக்குக்காக ஹங்கேரியர்கள் நம்மை நொந்துகொண்டார்கள், உயிரைக் காத்ததற்காக நினைவில் வைத்தார்கள். இரண்டும் நியாயம்.

2006 ஏப்ரலில் காத்மாண்டுவில் நடந்ததும் சொல்லத்தக்கது. மன்னர் ஞானேந்திராவுக்கு எதிராக லட்சக்கணக்கானோர் ஊரடங்கை மீறித் திரண்டிருந்தார்கள். டெல்லி கரண் சிங்கைச் சிறப்புத் தூதராக அனுப்பியது. ஏப்ரல் 21 அன்று மன்னர் பாதி இறங்கி வந்தார். டெல்லி அவசரப்பட்டு வரவேற்றது. தெருவில் நின்ற மக்கள் அதைத் தூக்கி எறிந்தார்கள். மறுநாளே வெளியுறவுச் செயலர் சியாம் சரண் பத்திரிகையாளர்களைக் கூட்டி, இந்தியா நேபாள மக்களின் விருப்பத்தோடு நிற்கிறது என்று திருத்திச் சொன்னார். மூன்று நாளில் நாடாளுமன்றம் மீண்டது. தவறு செய்ததில் வெட்கமில்லை. 24 மணி நேரத்தில் திருத்திக்கொள்ள முடிந்தது, ஏனென்றால் நேபாளக் கட்சிகளோடும் மாவோயிஸ்டுகளோடும் டெல்லிக்குப் பேச்சு இருந்தது. அரண்மனைக்கு வெளியே ஆள் தெரிந்திருந்தது. 2024 ஆகஸ்ட் 5 அன்று மக்கள் எழுச்சிக்குத் தப்பி வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா ஹிண்டன் விமானதளத்தில் வந்து இறங்கியபோது, டாக்காவில் நாளை யாரைக் கூப்பிட்டுப் பேசுவது என்று நமக்குத் தெரியாமல் போனது. வேறுபாடு அங்கேதான்.

2021 மார்ச் 27. பர்மிய ராணுவ தின அணிவகுப்பு நேபிடோவில் நடந்தது. ஆள் அனுப்பிய நாடுகள் எட்டே எட்டு. ரஷ்யா, சீனாவோடு இந்தியாவும் அதில் ஒன்று. அன்று ஒரே நாளில் ராணுவம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது. முந்தைய நாள் மணிப்பூர் அரசின் உள்துறை ஐந்து எல்லை மாவட்டங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. தப்பி வருபவர்களுக்கு உணவும் இடமும் கொடுக்க முகாம் திறக்கக் கூடாது, தொண்டு அமைப்புகளும் திறக்க அனுமதிக்கக் கூடாது, தஞ்சம் கேட்டால் பணிவாகத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், பலத்த காயம் இருந்தால் மட்டும் சிகிச்சை. ஊரே கொதித்தது. மூன்று நாளில் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். பணிவாக என்ற அந்தச் சொல் என்னை இன்றும் உறுத்துகிறது. விருந்தாளியைத் திண்ணையில் நிறுத்தி வைப்பதே குற்றம் என்று வளர்ந்த நாட்டில், குண்டடிக்குப் பயந்து ஓடி வந்தவரைப் பணிவாகத் திருப்புவது எப்படி என்று எந்த அதிகாரிக்குத் தெரியும்?

மிசோரம் வேறு மாதிரி நடந்தது. தியாவ் ஆற்றைக் கடந்து முதலில் வந்தவர்களில் பர்மியப் போலீஸாரும் இருந்தார்கள். மக்களைச் சுடச் சொன்ன உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவர்கள். நட்புறவைக் காக்கும் பொருட்டு எட்டு போலீஸாரைத் திருப்பி அனுப்புங்கள் என்று அக்கரையிலிருந்து சம்பாய் மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் வந்தது. எல்லையை அடைக்கச் சொல்லி டெல்லியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. முதல்வர் ஜோரம்தங்கா பிரதமருக்கே எழுதினார். அங்கே இருக்கும் சின் மக்கள் எங்கள் ரத்த சொந்தம், அவர்கள் துன்பத்தை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது அதன் சாரம். 1966இல் ஐஸ்வால்மீது இந்திய விமானங்களே குண்டு போட்டபோது ஊரைவிட்டு ஓடிக் காட்டிலும் அயல்நாட்டிலும் ஒளிந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். சிறிய மாநிலம். தேவாலயங்களும் ஊர் இளைஞர் சங்கங்களும் அரிசி வசூலித்தன. அகதிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மாநில அரசு உத்தரவு போட்டது. 30,000 பேருக்கு மேல் அங்கே தங்கினார்கள். வெளியுறவுக் கொள்கை டெல்லி சவுத் பிளாக்கின் சொத்து என்று நினைக்கிறோம். அந்த ஆண்டு பர்மிய மக்களிடம் இந்தியாவின் பெயரைக் காப்பாற்றியது சம்பாய் கிராமத்துக் குடும்பங்கள்.

அந்த ஜூன் மாதம் ஐ.நா. பொதுச்சபையில் பர்மிய ராணுவத்தைக் கண்டித்த தீர்மானத்துக்கு ஆதரவாக 119 நாடுகள். நாம் ஒதுங்கி நின்ற 36இல் ஒன்று.

சூச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. டெல்லியில் படித்தவர், நேருவின் வீட்டோடு பழகிய குடும்பம். 2012 நவம்பரில் டெல்லிக்கு வந்து, கஷ்ட காலத்தில் இந்தியா எங்களைவிட்டு விலகியதில் வருத்தம் என்று மென்மையாகச் சொன்னார். அரங்கத்தில் இருந்தவர்கள் தலைகுனிந்திருக்க வேண்டும். அதே சூச்சி 2019இல் தி ஹேக் நீதிமன்றத்தில் நின்று, ரோஹிங்யாக்கள்மீது நடந்த கொடுமைக்காக ராணுவத்தின் தரப்பை வாதாடினார். இதைக் காட்டி, மக்கள் எழுச்சிகளை நம்பக் கூடாது என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. நாம் ஆதரிக்க வேண்டியது ஒரு தலைவரை அல்ல. நியாயம் கேட்டுச் சுடப்பட்ட மாணவனுக்கும் எல்லை தாண்டி ஓடிய ரோஹிங்யாத் தாய்க்கும் ஒரே நியாயம்தான் கேட்கிறோம்.

கொழும்பு எரிந்த 2022இல் நாம் கிட்டத்தட்ட சரியாக நடந்தோம். ராஜபக்சேக்களைத் தாங்கிப் பிடிக்கவில்லை. எரிபொருள், மருந்து, கடன் என 400 கோடி டாலர் அளவுக்கு உதவி போயிற்று. தமிழ்நாடு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்துகளும் அனுப்பத் தீர்மானம் போட்டது, சிங்களவர் தமிழர் என்று பிரிக்காமல். அந்த மூட்டைகளுக்கு இலங்கையில் இருக்கும் மதிப்பை எந்த ராஜதந்திர அறிக்கையும் வாங்கித் தந்திருக்காது.

பர்மாவிலோ இன்று நாம் கட்டிய சிட்வே துறைமுகத்துக்கும் மிசோரமுக்கும் நடுவே கலாதான் பாதையில் இருக்கும் பலேத்வா நகரம் 2024 ஜனவரி முதல் ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் அராக்கன் படையின் கையில். ராணுவ ஆட்சியோடு பேசிப் போட்ட திட்டம் அது. இப்போது சாலையை முடிக்க வேண்டுமானால் நேற்றுவரை யாரென்றே தெரியாதவர்களோடு பேசியாக வேண்டும். 1,643 கிலோமீட்டர் எல்லை முழுவதும் வேலி போடப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. வேலிக்கு இரண்டு பக்கமும் ஒரே குலம், ஒரே தேவாலயம், ஒரே சந்தை.

அந்தச் சந்தையை நம்பிப் பிழைத்தவர்களில் மோரே தமிழர்களும் உண்டு. 2022 ஜூலையில் வழக்கம்போல எல்லை தாண்டித் தமுவுக்குப் போன இரண்டு தமிழர்கள் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மணிப்பூர்க் கலவரத்தில் மோரேயும் எரிந்தது. 1960களில் ஒரு நாட்டின் துப்பாக்கிக்குத் தப்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு நாட்டுத் துப்பாக்கிகளுக்கும் நடுவே நிற்கிறார்கள்.

அகதிகளுக்கென்று இந்தியாவில் இன்றுவரை ஒரு சட்டம் கிடையாது. 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் நாம் கையெழுத்திடவில்லை. சம்பாயில் நிற்கும் சின் ஆசிரியையும் மண்டபத்தில் நாற்பது ஆண்டாக முகாமில் இருக்கும் ஈழத்துக் குடும்பமும் சட்டத்தின் கண்ணில் வெறும் வெளிநாட்டவர்கள். இவர்களைத் திருப்பி அனுப்பவும் வைத்துக்கொள்ளவும் அன்றைய அரசின் மனநிலைதான் சட்டம். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேரை அனுப்புகிறோம். பக்கத்து நாட்டு மக்கள் எழும்போது டெல்லி என்ன பேச வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபடலாம். உயிருக்கு ஓடி வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற ஒரு வரிச் சட்டத்தையாவது கொண்டுவாருங்கள் என்று அந்த 39 பேரிடமும் கேளுங்கள்.